அறுவைக்கு மறுநாள்

(மருத்துவ மாணவர்கள் முன் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போரிலும் பேரிடரிலும் வெளிநாடு சென்று வைத்தியம் பார்ப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர்களுடைய துணிச்சலைத்தான் முதலில் சொல்வோம். அதில் தவறில்லை. நான் இன்று எடுத்துக்கொண்டது அந்தத் துணிச்சலுக்கு மறுநாளை. கால் எடுக்கப்பட்டவர் மயக்கம் தெளிந்து போர்வையைத் தடவிப் பார்க்கிற நாள் அது. தன் வேலை முடிந்தது என்று மருத்துவ உதவிக் குழு பதிவேட்டில் எழுதிக்கொள்கிற அந்த இடத்தில்தான் ஒரு மாற்றுத்திறனாளியின் வாழ்க்கை தொடங்குகிறது. இரண்டும் ஒரே நாளில் நடப்பதை மருத்துவ உதவி உலகம் நெடுங்காலம் கவனிக்கவில்லை.

2010 ஜனவரி 12 மாலை ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் ஒரு நிமிடத்துக்குள் சரிந்தது. ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு அங்கே ஏற்கெனவே நடத்திவந்த விபத்துச் சிகிச்சை மருத்துவமனையும் இடிந்தது. மிஞ்சியவர்கள் திறந்தவெளியில் மேசை போட்டு அறுவை செய்தார்கள். அடுத்த சில நாள்களில் உலகெங்குமிருந்து குழுக்கள் வந்து இறங்கின. நன்கு பழகிய குழுக்களும் உண்டு, போதிய கருவியோ தங்க இடமோ இல்லாமல் நல்ல மனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அந்த வாரங்களில் எடுக்கப்பட்ட கை கால்கள் எத்தனை? 2,000 முதல் 4,000 வரை என்பது மதிப்பீடு. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே இரண்டாயிரம் மனிதர்கள் நிற்கிறார்கள். அறுக்க ஆள் இருந்தது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அவசரத்தில் தோல், தசை, எலும்பு மூன்றையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிடுவார்கள். கில்லட்டின் வெட்டு என்று பெயர். நசுங்கிய காலிலிருந்து நச்சு ஏறி உயிர் போகிற நிலையில் அதுவே சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அது பாதி அறுவைதான். எலும்பு முனைக்கு மெத்தையாகத் தசை இல்லாத அந்தக் காலில் செயற்கைக் கால் பொருந்தாது. மறுபடி திறந்து, எலும்பைக் குறைத்து, தசையை மடக்கித் தைக்க வேண்டும். அதுவரை மூட்டு மடங்கியபடியே இறுகிப்போகாமல் தினமும் நீட்டி மடக்க வேண்டும், வீக்கம் வற்றக் கட்டுப் போட வேண்டும். முதல் பாதியைச் செய்தவர் இரண்டு வாரத்தில் ஊர் திரும்பிவிட்டார். என்ன செய்தார் என்று எழுதிய சீட்டுகூட நோயாளிகள் பலரிடம் இல்லை. உள்ளூரில் செயற்கைக் கால் செய்யும் பட்டறைகள் முன்பே சொற்பம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக அந்நகரில் நெடுங்காலம் இயங்கிய செயின்ட் வின்சென்ட் மையமும் நிலநடுக்கத்தில் இடிந்துபோயிருந்தது.

வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு புதுக் கால் வேண்டும். பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ந்து தோலைக் குத்துவதும் உண்டு. அப்போது மறுபடி கத்தி. பத்து வயதில் கால் இழந்த சிறுமி அறுபது வயது வரை இருந்தால் அவளுக்கு எத்தனை கால் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவசர உதவிக்குப் பணம் தருபவரின் திட்டக்காலம் ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டு.

தேவையில்லாமல் வெட்டினார்களா என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. ஒவ்வொரு மேசையிலும் எடுக்கப்பட்ட முடிவை இந்த மின்விசிறிக் காற்றில் நின்றுகொண்டு நான் தீர்ப்பது நியாயமாகாது. என் வழக்கு வேறு. அறுவைக்கூடத்தின் வெளிவாசலில் உயிர்களை எண்ணிவிட்டு எண்ணிக்கையை நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தோடுதான் எனக்கு வழக்கு.

ஹெய்ட்டி தந்த அவமானம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வகைப்பாடும் குறைந்தபட்சத் தகுதிகளும் வகுத்தது. 2016இல் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே தனித் தரநிலை வெளிவந்தது: உள்நோயாளிகளை வைத்துப் பார்க்கும் குழுவானால் 20 படுக்கைக்கு ஒரு மறுவாழ்வுப் பணியாளராவது உடன் வர வேண்டும். 2015இல் நேபாள நிலநடுக்கத்தின்போதே மாற்றம் தெரிந்தது. காத்மாண்டுவை அடுத்த சாங்காவில் முன்பிருந்தே இயங்கிய தண்டுவடக் காய மறுவாழ்வு மையம் நிரம்பி வழிந்தது; எந்த நோயாளியை எங்கே அனுப்புவது என்று ஒருங்கிணைக்கத் தனிக் குழு அமைந்தது. ஏற்கெனவே தண்டுவடக் காய மையம் ஒன்று இருந்த நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. வெளியிலிருந்து வருகிற உதவியால் அப்படியொரு மையத்தை ஒரு வாரத்தில் எழுப்ப முடியாது.

எழுதி வைக்கும் பழக்கமும் வந்தது. 2024 ஜூலை வரை காஸாவில் குறைந்தது 22,500 பேர் வாழ்க்கையையே மாற்றும் காயங்களுக்கு ஆளாகியிருந்தார்கள், காயம்பட்டவர்களில் நால்வரில் ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. மருத்துவக் குழுக்கள் அனுப்பிய காயப் பதிவுகள் கையில் இருந்ததால்தான் அந்தக் கணிப்பே முடிந்தது. கை கால் இழந்தோர் 3,105 முதல் 4,050 வரை என்றது அந்த அறிக்கை. குண்டு விழுகிற இடத்திலிருந்து, ஹெய்ட்டியைவிடத் துல்லியமான கணக்கு! ஆனால் கணக்கு துல்லியமானதால் கால் கிடைத்துவிடாது. மறுவாழ்வுச் சிகிச்சை தெரிந்த உள்ளூர்க்காரர்களே அங்கே கொல்லப்பட்டுக்கொண்டும் இடம்பெயர்ந்துகொண்டும் இருந்தார்கள்.

இதுவரை சொன்னது, பேரிடரால் மாற்றுத்திறனாளி ஆனவர்களைப் பற்றி. பேரிடர் வரும்போதே மாற்றுத்திறனாளியாக இருந்தவர்களின் கதை தனி. உலகில் ஆறு பேரில் ஒருவர், சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடல், மன, புலன் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். 2011இல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எச்சரிக்கை ஏற்பாடுகளில் முன்னோடி என்று பெயரெடுத்த நாட்டிலேயே இப்படி. 2004 டிசம்பர் சுனாமியில் இலங்கையின் காலி நகரில் மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓட முடியாதவர் சிலர், ஓட வேண்டும் என்று புரியாதவர் சிலர்.

பிழைத்தவர்கள் முகாம் மருத்துவமனைக்கு வருகிறார்களா? பெரும்பாலும் வருவதில்லை. கூடாரத்து வாசலில் சரளைக்கல் கொட்டியிருக்கிறது. சக்கர நாற்காலி புதைகிறது. ஒலிபெருக்கியில் அழைக்கிறார்கள், காது கேளாதவர் முறை தாண்டிப்போகிறது. கழிப்பிடம் குழிக்கு மேல் குந்துகிற வகை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் உண்டு. விளைவு சிறுநீர்த் தொற்று. அவர்கள் வராததால் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாததால் இந்த முகாமில் மாற்றுத்திறனாளிகள் அதிகம் இல்லை என்று அறிக்கை போகிறது.

இந்த வட்டத்தை உடைக்க ஓர் எளிய கருவி உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையம் 2001இல் அமைத்த வாஷிங்டன் குழு ஆறே கேள்விகளை வகுத்தது. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைப்பதில், தானே குளித்து உடுத்துவதில், பிறரோடு பேசிப் புரிந்துகொள்வதில் சிரமம் உண்டா? சிரமமில்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என்று நான்கு பதில்கள். ‘உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் உண்டா’ என்று கேட்டால் வாய் திறக்காத குடும்பம் இதற்குப் பதில் சொல்கிறது. 2018இல் ஜோர்டானிலும் லெபனானிலும் சிரிய அகதிகளிடம் இப்படிக் கேட்டபோது ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் மாற்றுத்திறனாளிகள் என்று தெரிந்தது. பார்வைக்குத் தெரிகிற ஊனத்தை மட்டும் பதிவாளர் தன் கண்ணால் எண்ணியிருந்தால் இதில் சிறு பங்குதான் கிடைத்திருக்கும்.

ஒப்பந்தங்களை விரைவாகத் தாண்டிச் செல்கிறேன். 2006இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, அதன் 11ஆம் பிரிவு போரையும் பேரிடரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில், மனிதநேய உதவியில் மாற்றுத்திறனாளிகளையும் சேர்ப்பதற்கான சாசனம். 2019இல் பாதுகாப்பு அவையின் 2475ஆம் தீர்மானமும், மனிதநேய அமைப்புகளுக்கான விரிவான வழிகாட்டியும். காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

நமக்கு அருகில் நடந்ததற்கு வருகிறேன். 2009இல் வன்னிப் போரின் கடைசி மாதங்களில் புதுமாத்தளன் முதலான கரைகளிலிருந்து காயம்பட்டவர்களைப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு கப்பலேற்றித் திருகோணமலைக்கும், பிறகு புல்மோட்டைக்கும் கொண்டு சேர்த்தது. பிப்ரவரி 10இல் தொடங்கி மே 9 வரை, உடன் வந்த உறவினர்களோடு சேர்த்து ஏறத்தாழ 14,000 பேர். புல்மோட்டையில் இந்திய அரசு அனுப்பிய மருத்துவக் குழு காத்திருந்தது. கடலில் நடந்த இந்த மீட்பு எத்தனை உயிரைக் காத்தது என்பதைத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஷெல் சிதறல் முதுகெலும்பில் பாய்ந்தவர்களுக்குக் கப்பல் கரை சேர்ந்தது முதல் படி மட்டுமே. தண்டுவடக் காயத்துக்குக் கத்தியால் ஆவது கொஞ்சம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் இடுப்பில் படுக்கைப் புண் விழும், எலும்பு வரை போகும். சிறுநீர் தானே இறங்காது. கத்தீட்டர் போட்டுச் சுத்தமாக எடுக்கத் தெரியாவிட்டால் தொற்று சிறுநீரகத்தை எட்டும். முதல் உலகப் போரில் தண்டுவடம் அறுந்த வீரர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில்கூடத் தாங்கவில்லை. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் விடாப்பிடியாகச் செய்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். புரட்டிப் படுக்க வைப்பதும் சிறுநீர்ப்பையைப் பேணுவதும். இன்று நாம் பார்க்கும் பாராலிம்பிக் போட்டிகள் அந்த மருத்துவமனை முற்றத்தில் பிறந்தவை.

வவுனியாவை அடுத்த பம்பைமடுவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இந்த நோயாளிகளுக்கென ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தியது. அவசர அறுவைக்குப் பேர்போன ஓர் அமைப்பு, புண் ஆற்றுவதையும் சக்கர நாற்காலியில் ஏறப் பழக்குவதையும் மனத்தைத் தேற்றுவதையும் கையிலெடுத்தது அபூர்வம். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் அது ஒரு நாள் கிளம்பத்தான் வேண்டும், கிளம்பியது. வீடு திரும்பியவரின் வாசலில் மணல், கிணற்றடிக்குப் படி, கத்தீட்டர் வாங்கப் பட்டணம் போக வேண்டும். பின்னாளில் மாங்குளத்தில் ‘உயிரிழை’ என்ற அமைப்பு எழுந்தது. அதைக் கூடி நடத்துபவர்கள் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களே. யாழ்ப்பாணத்திலோ அதற்கும் முன்பே, 1980களிலிருந்து, ஜெய்ப்பூர்க் கால் பட்டறை போர் நடுவே இயங்கிவந்தது. வெளியார் போன பின்னும் நிற்பவை இவை.

இதையே காலப்போக்கில் கொள்கையாக ஆக்கிக்கொண்ட இடம் ஒன்று உண்டு, காபூல்.

பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1988இல் அங்கே செயற்கைக் கால் மையம் தொடங்கியது. முதலில் போர்க் காயம்பட்டவர்களுக்கு மட்டும்தான். இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பும் விதி இருந்தது. போரில் இழந்த காலுக்கு மதிப்பு, காய்ச்சலில் இழந்த காலுக்கு இல்லை. 1990களின் நடுவில் அந்த விதி நீங்கியது. இன்று அங்கே வருபவர்களில் கண்ணிவெடியால் கால் இழந்தவர்கள் சிறுபான்மை; மூளை முடக்குவாதக் குழந்தைகளும் வளைபாதக் குழந்தைகளும் சாலை விபத்தில் சிக்கியவர்களும் அதிகம்.

1990இல் அங்கே போய்ச் சேர்ந்தவர் இத்தாலியரான ஆல்பர்ட்டோ கெய்ரோ. வழக்கறிஞராக இருந்து பிசியோதெரபிஸ்ட் ஆனவர். அவர் மேடையில் பகிர்ந்த ஒரு சம்பவம் உண்டு. உள்நாட்டுச் சண்டையில் மையம் மூடிக் கிடந்த காலம். இரண்டு காலும் ஒரு கையும் இல்லாத ஒருவரைக் குண்டு மழைக்கு நடுவே சின்ன மகன் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான். அவரைப் போன்றவர்களுக்காக மையத்தைத் திறந்து அவருக்குக் கால் பொருத்தினார்கள். நடக்கப் பழகியதும் அந்த மனிதர் பிச்சையைத் தவிர்க்க வழி கேட்டார், இங்கேயே வேலை கொடுங்கள் என்றார். ஒற்றைக் கையால் பட்டறை வேலை ஆகுமா? கெய்ரோவுக்குச் சந்தேகம்தான். கொடுத்துப் பார்த்தார். ஆகியது, நன்றாகவே ஆகியது. அதன்பின் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கே முதலிடம் என்று ஆக்கிவிட்டார்கள். கால் செய்பவர், பிசியோதெரபிஸ்ட், கணக்கர், காவலர் என்று ஏறத்தாழ எல்லோருமே ஒரு காலத்தில் அந்த மையத்துக்கு நோயாளியாக வந்தவர்கள். கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்த நஜ்முதீன் பின்னாளில் அதன் பொறுப்பாளரானார்.

இதில் இரக்கத்தைவிட மருத்துவப் பயன் பெரிது என்று நினைக்கிறேன். கால் இழந்து பத்து நாளான இளைஞனிடம் முழுக் காலோடு நிற்கும் வெளிநாட்டு மருத்துவர் ‘நீ நடப்பாய்’ என்றால் அவன் தலையாட்டுவான், நம்ப மாட்டான். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டித் தன் பிளாஸ்டிக் காலைத் தட்டிக் காட்டுகிறவர் சொன்னால் கேட்பான். எந்த இடத்தில் வார் உராயும், வெயிலில் உறை எப்படி வியர்க்கும் என்று அவருக்கு உடம்பாலேயே தெரியும். ஆட்சிகள் மாறின, வெளிநாட்டுக் குழுக்கள் வந்தன, போயின. அந்தத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதால் மையம் நிலைத்து நின்றது.

இந்த யோசனைக்கு நம் மண்ணில் முன்னோடி ஒருவர் இருக்கிறார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அடிப்படையில் பன்னாட்டு மருத்துவ உதவியில் விளைந்ததுதான். அமெரிக்கரான ஐடா ஸ்கடர் ஊன்றிய விதை. அங்கே 1954 ஜனவரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கொச்சியைச் சேர்ந்தவர், வயது முப்பதுகூட ஆகவில்லை. மருத்துவர் வாழ்க்கை முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். தொழுநோயில் முடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை வேலூரில் உருவாக்கிக்கொண்டிருந்த பால் பிராண்ட், அந்த அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார். நோயாளியின் கை மேசைமேல், மருத்துவர் சக்கர நாற்காலியில். மேரி செய்தார். தொழுநோயாளிகள் தம்மைத் தொட மற்றவர் அஞ்சிய காலத்தில், தம்மைப் போலவே உடலில் அடிபட்ட ஒருவர் தம் விரல்களை நிமிர்த்துவதைப் பார்த்தார்கள். அதன்பின் அவர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் உள்நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு மையம் திறந்தது. இந்தியாவில் அதற்கு முன் அப்படியொன்று இல்லை. 1972இல் பத்மஸ்ரீ.

பால் பிராண்ட் அவருக்காகப் புதுச் சட்டம் எதையும் இயற்றவில்லை. எந்த வேலையை நின்றபடி செய்தே தீர வேண்டும், எதை உட்கார்ந்து செய்யலாம் என்று பிரித்துப் பார்த்தார். பன்னாட்டு அமைப்புகள் களப்பணிக்கு ஆள் எடுக்கும்போது செய்யத் தவறுவது இதைத்தான். பல அமைப்புகளில் உடல்தகுதிப் படிவம் வேலைக்கு ஏற்ப மாறுவதில்லை. மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவருக்கும், நோய்ப் பரவல் கணக்கைக் கணினியில் பார்ப்பவருக்கும், மலையேறி முகாம் தேடுபவருக்கும் ஒரே படிவம். சரிந்துபோன நகரத்தில் சக்கர நாற்காலிக்காரர் பாரமாகிவிடுவார் என்பது அவர்கள் வாதம். சில களங்களில் அது நியாயமும்கூட. ஆனால் முகாம் மருத்துவமனையில் சாய்தளம் இருக்கிறதா என்று முதலில் கேட்கப்போகிறவர் அவர்தான். அவர் குழுவில் இருந்தால் சரளைக்கல் முதல் நாளே விலகிவிடும்.

கடைசியாக, நம் வீட்டுக் கதை. வெளிநாட்டு அமைப்புகளைச் சொல்லிவிட்டு நம் கல்லூரிகளை விட்டுவிட முடியாது. இந்தியாவில் மருத்துவப் படிப்பில் சேர இரு கைகளும் குறையின்றி, உணர்ச்சியோடும் வலுவோடும் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் காட்டி ஒருவருக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது, அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று மதிப்பீட்டுக் குழு பார்த்து எழுத வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் ‘இரு கைகளும்’ என்ற அந்த விதியையே கடுமையாகச் சாடியது. மேரி வர்கீஸுக்குக் கைகள் இருந்தன. அந்த விதி அவரைத் தடுத்திருக்காது. காபூல் பட்டறையின் ஒற்றைக் கைக்காரரைத் தடுத்திருக்கும்.

மதிப்பீட்டுக் குழுக்களில் அமரப்போகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள், இன்னும் சில ஆண்டுகளில் வெளிநாட்டுக் குழுக்களோடு கிளம்பப்போகிறவர்களும் இருக்கிறீர்கள். முன்னவர்களிடம் சதவீதத்தைப் பார்க்கும் முன் விண்ணப்பதாரரை ஒரு வேலை செய்து காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னவர்களிடம், விமானம் ஏறுவதற்கு முன் உங்கள் குழுப் பட்டியலை வாங்கி அதில் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.